வடக்கத்தியான் யார்?

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் கடைத் தெருக்களிலும், டீக்கடை பெஞ்சுகளிலும், மில் வாசல்களிலும் சில வருஷங்களாக ஒரு பேச்சு அதிகமாக அடிபட்டு வருகின்றது. அது என்னவென்றால், “எங்கு பார்த்தாலும் வடக்கனாகப் போய்விட்டது, நம் பிழைப்பில் மண் விழுந்துவிட்டது, இவர்களை ரயிலேற்றி அனுப்பினால்தான் ஊர் உருப்படும்” என்பதுதான். இதைச் சொல்லுகிறவர்களில் படித்தவர்களும் இருக்கின்றார்கள், படியாதவர்களும் இருக்கின்றார்கள். நமது தோழர்கள் என்று சொல்லிக் கொள்ளுகின்றவர்களிலும் சிலர் இருக்கின்றார்கள் என்பதால்தான் இதைப் பற்றி இவ்வாரம் எழுத வேண்டியதாயிற்று.

எந்தச் சங்கதியையும், “பெரியவர்கள் சொன்னார்கள், ஊரார் சொன்னார்கள்” என்பதற்காக நம்பிவிடாமல், அறிவைக் கொண்டு விசாரித்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லுகிற நாம், ஊரார் எல்லோரும் சொல்லுகின்றார்கள் என்பதற்காக இந்த ஒன்றை மாத்திரம் விசாரியாமல் விட்டுவிடலாமா என்று கேட்கின்றோம். ஆகவே கோபதாபமில்லாமல் கணக்கைப் பிரித்துப் பார்ப்போம்.

முதலாவதாக, இந்த ஊர்களில் வந்தேறாதவர்கள் யார்? ராஜபாளையத்தின் பேரே யாரால் வந்தது? ராஜுக்கள் என்பவர்கள் சில நூற்றாண்டுகளுக்கு முன் ஆந்திரப் பக்கத்திலிருந்து வந்து குடியேறியவர்கள். இன்றைக்கும் அவர்கள் வீட்டில் தெலுங்கு பேசுகிறார்கள். சுற்று வட்டாரத்துக் கிராமங்களில் நாயக்கமார்களும் ரெட்டியார்களும் அதே மாதிரி வடக்கேயிருந்து வந்தவர்கள்தான். ராஜபாளையத்து பி.எஸ். குமாரசாமி ராஜா அவர்கள் 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்துக்கு முதல் மந்திரியாக இருந்தார். அப்போது அவரைப் பார்த்து “நீ வடக்கேயிருந்து வந்தவனாயிற்றே, உனக்கு எங்கள் ஊரில் என்ன வேலை?” என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. கேட்டிருந்தால் அது மடமையாயிருந்திருக்கும்.

நாடார்கள் சங்கதி என்ன? தெற்கே தேரிக்காட்டிலிருந்து மாட்டு வண்டியில் கருப்பட்டியும் கருவாடும் ஏற்றிக்கொண்டு வியாபாரத்துக்கு வந்தவர்கள், சிவகாசியிலும் விருதுப்பட்டியிலும் அருப்புக்கோட்டையிலும் பேட்டை போட்டுக்கொண்டு தங்கினார்கள். அவர்கள் உழைத்து முன்னுக்கு வருவதைக் கண்டு பொறாமை கொண்டவர்கள், “நேற்று வந்தவனுக்குக் கோவிலா, தெருவா?” என்று கேட்டார்கள். அதன் முடிவு 1899-ம் வருஷம் ஜூன் மாதத்தில் சிவகாசி கொள்ளையாக வந்து சேர்ந்தது. வீடுகள் கொளுத்தப்பட்டன, உயிர்கள் போயின. வந்தேறியவன் என்று சொல்லி ஒருவனை அடிக்கப் புறப்பட்டால் அது எங்கே போய் நிற்கும் என்பதற்கு நாம் வெளி தேசத்துச் சரித்திரத்தைப் புரட்ட வேண்டியதில்லை. பதினைந்து மைல் தூரத்தில் இருக்கிறது.

நிற்க, வந்தவர்கள் கதை இப்படி இருக்க, இங்கிருந்து போனவர்கள் கதையைக் கொஞ்சம் பார்ப்போம். ஏனென்றால், இந்த இரண்டு தாலுகாக்களிலும் ஏழை ஜாதியாரின் குடும்பங்களில் பாட்டனோ பூட்டனோ கண்டிச் சீமைக்கோ மூணாறு மலைக்கோ போகாத குடும்பத்தை எண்ணி எடுப்பது கஷ்டம்.

ஏன் போனார்கள்? பணத்தாசையா? ஊர் சுற்றிப் பார்க்கிற ஆசையா? இல்லை. இங்கே இருக்க முடியவில்லை, அதனால் போனார்கள். அடிமை வியாபாரமும் அடிமை பாத்தியதையும் கோர்ட்டில் செல்லாது என்று 1843-ம் வருஷத்திய 5-வது சட்டம் சொல்லிற்று. ஆனால் பண்ணையாளின் கழுத்திலிருந்த கயிறு போய்க் கடன் பத்திரம் வந்தது. கலியாணத்துக்கு வாங்கின பத்து ரூபாய்க்காகத் தகப்பனும், தகப்பன் செத்த பிறகு மகனும், மகன் செத்த பிறகு பேரனும் ஒரே பண்ணையில் உழைத்தார்கள். ‘தலையெழுத்து’ என்று அதற்குப் பேர் வைத்தார்கள். எழுதினவன் பிரம்மா அல்ல, பண்ணைக் கணக்கப்பிள்ளை என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

அன்றியும், கூலியில்லாத கட்டாய வேலை சர்க்காராலேயே நடத்தப்பட்டு வந்தது. கும்பினிக் காலத்தில் திருநெல்வேலி ஜில்லாவில் (ஸ்ரீவில்லிபுத்தூரும் அப்போது அந்த ஜில்லாவைச் சேர்ந்ததுதான்) கோவில் தேர் இழுக்க ஆள் போதாவிட்டால், தாசில் சேவகர்கள் கிராமங்களுக்குப் போய்க் குடிகளையும் கூலிகளையும் பிடித்துக் கொண்டு வந்து வடத்தைத் தொடும்படி செய்தார்கள். பக்தி பெருகித்தான் ஆயிரமாயிரம் பேர் தேர் இழுத்தார்கள் என்று இன்றைக்குப் புராணம் படிக்கின்றவர்கள், அந்தப் பக்திக்குப் பின்னால் பிரம்பும் சேவகனும் நின்றதைச் சொல்லுவதில்லை. இந்த வழக்கத்தைக் கைவிடும்படி 1833-ல் லண்டனிலிருந்து உத்தரவு வந்தும், சென்னை அதிகாரிகள் அதை நிறைவேற்றப் பல வருஷங்கள் தாமதம் செய்தார்கள். பிறகு 1858-ம் வருஷத்துச் சென்னைக் கட்டாய வேலைச் சட்டம் வந்தது. கண்மாய்க்கரை உடையும் ஆபத்தில் ஆட்களைக் கட்டாயமாக வேலை வாங்கலாம் என்று அது அதிகாரம் கொடுத்தது. கண்மாய்த் தண்ணீர் யார் வயலுக்குப் பாய்ந்தது, மண் சுமந்தவன் யார் என்பது கிராமத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் தெரியும்.

அதற்கு அடுத்த வருஷம், 1859-ல், ஒப்பந்தத்தை மீறும் வேலைக்காரர் சட்டம் என்று ஒன்று வந்தது. முதலாளியிடம் முன்பணம் வாங்கிக் கொண்டவன் வேலையை விட்டுப் போனால் அவனைக் கோர்ட்டார் திரும்ப வேலை செய்யும்படி உத்தரவிடலாம். மறுத்தால் ஜெயிலில் போடலாம். முதலாளி கூலி கொடாமல் ஏமாற்றினால் அவனை ஜெயிலில் போட அந்தச் சட்டத்தில் இடமில்லை! கடன் கொடுத்தவனுக்கும் கடன் பட்டவனுக்கும் உள்ள சிவில் வியவகாரத்தில், பட்டவன் ஏழை என்பதனால் மட்டும் அது குற்றமாக்கப்பட்டது. இந்தச் சட்டம் 1926 வரையில் உயிரோடு இருந்தது. மலைத் தோட்டத் துரைமார்களுக்கு இதுவும் போதாமல், 1903-ல் சென்னைத் தோட்டத் தொழிலாளர் சட்டம் என்று தனியாக ஒன்றும் செய்து கொடுக்கப்பட்டது.

இந்த நிலைமையில்தான் ஆள்கட்டிகள் ஊருக்குள் வந்தார்கள். “கண்டியிலே தேங்காயும் மாசியும் தேயிலைத் தூரில் கிடக்கிறது, தோண்டி எடுக்க வேண்டியதுதான்” என்கிற மாதிரியான வார்த்தைகளைச் சொன்னார்கள். ராஜபாளையத்துக்கு ரயில் வந்ததே 1927-ல்தான். அதற்கு முன் நம் ஜனங்கள் மூட்டை முடிச்சோடு சாத்தூருக்கோ விருதுப்பட்டிக்கோ நடந்து போய் ரயிலேறினார்கள். அதற்கும் முந்திக் காப்பித் தோட்டக் காலத்தில் கரை மட்டும் நடந்து, தோணியேறி, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நூற்றுக்கு மேற்பட்ட மைல் நடந்தார்கள். காலராவிலும் பசியிலும் வழிநெடுக விழுந்தார்கள். 1840-களில் மட்டும் எழுபதினாயிரம் பேர் இவ்வாறு மாண்டிருக்க வேண்டும் என்று அக்காலத்துக் கொழும்பு வெள்ளைக்காரப் பத்திரிகையே கணக்குப் போட்டது. அவர்களுக்கு ஒரு கல் நட்டவர் கிடையாது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகரச் சீட்டு முறை வந்தது. திருச்சியில் 1904-ல் ஏற்பட்ட இலங்கைத் தொழிலாளர் கமிஷன் ஆபீசின் மூலம் ஆள் எடுக்கப்பட்டவன் ஒவ்வொருவனுக்கும், தோட்டத்தின் எண்ணும் அவனுடைய எண்ணும் குத்தின ஒரு தகரத் துண்டு கொடுக்கப்பட்டது. அதைக் கட்டிக்கொண்டு, முதலில் தூத்துக்குடிக்கருகே தட்டப்பாறையிலும் பிறகு மண்டபத்திலும் இருந்த முகாமில் அடைபட்டு, அம்மை குத்தி, துணிமணிகளைப் புகையிலிட்டு, பார்சல் சாமானைப் போல் அவன் தோட்டத்தில் ஒப்படைக்கப்பட்டான். அந்தப் பிரயாணச் செலவெல்லாம் யார் கணக்கில்? அவன் கணக்கிலேயே கடனாக எழுதப்பட்டது. தன்னை விற்றதற்கான தரகையும் தானே கொடுத்தவன் உலகத்தில் வேறு எவனாவது உண்டா என்று கேட்கின்றோம்.

தோட்டத்துக்குப் போன பிறகு, அவனுக்கு எஜமானன் துரை மாத்திரமல்ல. நம்மூர்ப் பெரிய கங்காணியும்தான். அவன் ஒருவேளை போனவனுடைய ஜாதிக்காரனாயிருப்பான், அல்லது மேல் ஜாதிக்காரனாயிருப்பான். பெரும்பாலும் பக்கத்து ஊர்க்காரன். கூலிகள் பெரட்டுக்கு வந்த நாளைக்குத் தலைக்கு இவ்வளவென்று அவனுக்குத் தலைக்காசு. அவன் கடையில்தான் அரிசி. அவன் சொன்னதுதான் பற்று. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் ‘துண்டு’ வேண்டும். துண்டு என்றால், இந்த ஆளின் பேரில் இவ்வளவு கடன் இருக்கிறது, இதைக் கட்டி இவனை எடுத்துக் கொள்ளலாம் என்று ஒரு தோட்டத்தார் இன்னொரு தோட்டத்தாருக்கு எழுதுகின்ற சீட்டு. மாட்டுச் சந்தைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? துண்டில்லாமல் போனால் 1865-ம் வருஷத்து 11-வது சட்டப்படி அவன் ஓடிப்போன குற்றவாளி, ஜெயில். இந்தத் துண்டு முறை 1921-ல்தான் ஒழிக்கப்பட்டது.

போனவன் கதி இது. போகாமல் ஊரில் இருந்தவன் கதி என்ன? 1911-ம் வருஷத்துக் குற்றப் பரம்பரைச் சட்டத்தின்படி சில ஜாதிகளில் பிறந்ததே குற்றமாயிற்று. பத்து விரல் ரேகையும் பதிந்து வைக்க வேண்டும். இரவில் போலீஸ் ஸ்டேஷனில் போய்ப் படுக்க வேண்டும். சம்பந்தி வீட்டுக்குப் போவதானாலும் சீட்டு வாங்க வேண்டும். மதுரை ஜில்லாவில் பிறமலைக் கள்ளர்கள் மீது இச்சட்டத்தைப் போட்டு, ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920-ம் வருஷம் ஏப்ரல் 3-ந் தேதி போலீசார் சுட்டதில் பதினாறு பேருக்குக் குறையாமல் செத்தார்கள். இராமநாதபுரம் ஜில்லாவில் மறவர்களில் ஒரு பகுதியார் மீதும் அது பாய்ந்தது. சென்னை மாகாணத்தில் 1947-லும், தேசம் முழுவதிலும் 1952-லும் அது ஒழிந்தது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். வெள்ளைக்காரன் செய்ததை மட்டும் சொல்லிவிட்டு நம்மவன் செய்ததை விட்டுவிடுவது தேசியவாதிகள் வழக்கமே தவிர நம்முடைய வழக்கமல்ல. 1930-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் இதே இராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிக்க ஜாதியார் ஒன்றுகூடி ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். நகை போடக் கூடாது. முழங்காலுக்குக் கீழே துணி கட்டக் கூடாது. இப்படிப் போகிறது அந்த ஜாபிதா. மறு வருஷம் அது பதினொன்றாக வளர்ந்தது. படிக்கக் கூடாது, நிலம் வைத்துக் கொள்ளக் கூடாது, மிராசுதார் சொன்ன கூலிக்கு வேலை செய்ய வேண்டும். 1931-ம் வருஷத்து ஜனக்கணக்கு அதிகாரியாயிருந்த ஹட்டன் துரை இதைத் தமது புத்தகத்தில் பதிந்து வைத்திருக்கிறார். இந்தத் தடைகளை எந்தச் சட்டசபை செய்தது? எந்த வைசிராய் கையெழுத்துப் போட்டார்? இரயிலேறிக் கடல் தாண்டி ஓடினவன் துரையிடம் போய்ச் சேருவதற்காக மட்டும் ஓடவில்லை. நம்மிடமிருந்து தப்புவதற்காகவும் ஓடினான் என்பதை ஒப்புக் கொள்ள வேண்டாமா?

சரி, ஓடின இடத்தில் அவனை என்ன சொல்லி அழைத்தார்கள்? இதுதான் இவ்வியாசத்துக்கு முக்கியமான சங்கதி. சிங்களவர்கள் அவனைக் கள்ளத்தோணி என்றார்கள். யாழ்ப்பாணத்துத் தமிழர்கள், தமிழே பேசுகிற அவனைப் பார்த்துத் தோட்டக்காட்டான் என்றார்கள்; இன்னொரு பேரும் வைத்தார்கள். அது என்ன தெரியுமா? “வடக்கத்தியான்”! ஆம், கடலுக்கு வடக்கேயிருந்து வந்தவனாம். நமது பாட்டனைச் சுட்டின அதே வார்த்தையை எடுத்துத்தான் நாம் இன்று பீகார்க்காரன் மேலும் ஒரிசாக்காரன் மேலும் வீசிக் கொண்டிருக்கின்றோம்.

வார்த்தையோடு நின்றதா? நிற்கவில்லை. 1840-ல் இலங்கை சர்க்கார் ஒரு சட்டம் செய்து, பத்திரம் காட்ட முடியாத மலைக்காடுகளையெல்லாம் சர்க்கார் சொத்தாக்கித் துரைமார்களுக்கு மலிவாக விற்றது. கண்டிச் சிங்களக் குடியானவன் காட்டை இழந்தான். அவனுடைய நிலத்தை எடுத்தவன் துரை. ஆனால் அவன் கண்ணுக்குத் தெரிந்தவன் லயத்தில் கிடந்த தமிழ்க் கூலி. துரை பங்களாவுக்கு எட்ட முடியாத கோபம் கூலி லயத்தின் மேல் இறங்கிற்று. அரசியல்காரர்கள் அதற்கு நெய் வார்த்தார்கள். 1931-ல் இலங்கையில் வயது வந்தவர்களுக்கெல்லாம் ஓட்டு வந்தபோது, இந்தியத் தமிழனுக்கு மாத்திரம் ஐந்து வருஷ வாசம், நிரந்தரக் குடி என்று ருசு கேட்டார்கள். 1939-ல் சர்க்கார் இலாகாக்களில் தினக்கூலிகளாயிருந்த இந்தியர்களை வேலையை விட்டுத் தள்ளினார்கள். அதற்குப் பதிலாக இந்திய சர்க்கார் அவ்வருஷம் ஆகஸ்டு 1-ந் தேதி முதல் கூலிகள் இலங்கைக்குப் போவதையே நிறுத்தியது. 1948-ல் சுயராஜ்யம் வந்தது. வந்த வருஷமே முதல் காரியமாகக் குடியுரிமைச் சட்டம் செய்து, “உன் தகப்பன் இங்கே பிறந்ததற்கு ருசு கொண்டு வா, அல்லது பாட்டனும் பூட்டனும் பிறந்ததற்கு ருசு கொண்டு வா” என்றார்கள். காட்டில் பிறந்து காட்டில் செத்த பூட்டனுக்குப் பிறப்புச் சீட்டு ஏது? ஏழு லட்சம் பேர் ஒரு சட்டத்தால் நாடற்றவர்களானார்கள். 1949-ல் ஓட்டும் போயிற்று. தமிழ்த் தலைவர்களிலேயே மந்திரி பதவியில் இருந்த ஜி.ஜி. பொன்னம்பலம் 1949-ம் வருஷத்து இந்திய, பாகிஸ்தானியக் குடிகள் சட்டத்துக்கு ஆதரவாக நின்றார். அதை எதிர்த்த செல்வநாயகம் பிரிந்து போய் அவ்வருஷமே தனிக் கட்சி கண்டார். மலையகத் தமிழனுக்கு வெட்டின குழியில் மற்றத் தமிழர்களும் பின்னால் விழ நேர்ந்தது என்பதை 1956-ம் வருஷத்துச் சிங்களம் மட்டும் சட்டமும், 1983-ம் வருஷத்துக் கொலைகளும் காட்டிவிட்டன.

1964-ம் வருஷம் அக்டோபர் 30-ந் தேதி லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் டில்லியில் உட்கார்ந்து ஒப்பந்தம் செய்தார்கள். 9,75,000 ஜனங்கள், இதில் 5,25,000 உனக்கு, 3,00,000 எனக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக் கொள்ளலாம் என்று பங்கு போட்டார்கள். அந்தப் பத்து லட்சம் பேரில் ஒருவரையாவது கூப்பிட்டு, “நீ எங்கே இருக்க விரும்புகிறாய்?” என்று கேட்டார்களா? இல்லை. நான்கு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் கப்பலேறி, பாட்டன் அடைபட்டுக் கிடந்த அதே மண்டபத்துக்கு வந்து இறங்கினார்கள். வந்தவர்களை நாம் வாரி அணைத்துக் கொண்டோமா? “சிலோன்காரன்” என்றோம். அங்கே வடக்கத்தியான், இங்கே சிலோன்காரன்; மனிதன் என்று சொல்ல மட்டும் இரு கரையிலும் ஆளில்லை. 1983-க்குப் பிறகு அகதிகளாக வந்தவர்களில் அநேகர் இன்னும் முகாம்களில் இருக்கின்றார்கள். கணக்கெடுக்கும் நாளில் ஆஜராக வேண்டும், வெளியே தங்க அனுமதி வேண்டும் என்கிற நிபந்தனைகளுக்குள்ளேயே ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்துவிட்டது. 2019-ம் வருஷத்துக் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் மூன்று தேசங்களின் பேர் இருந்தது. இலங்கையின் பேர் இல்லை.

இவ்வளவையும் படித்த பிறகு, இன்றைய வடக்கன் பேச்சுக்கு வருவோம். அவர்கள் சொல்லும் காரணங்கள் மூன்று.

ஒன்று, கூலி குறைந்துவிட்டது என்பது. கூலி குறைகிறது என்றே வைத்துக் கொள்வோம். குறைப்பவன் யார்? வாங்குகிறவனா, கொடுக்கிறவனா? பீகார்க்காரன் ஏன் குறைந்த கூலிக்குச் சம்மதிக்கிறான்? வரும்போதே காண்ட்ராக்டரிடம் முன்பணம் வாங்கியிருக்கிறான், அவன் போட்ட கொட்டகையில் படுக்கிறான், பாஷை தெரியாது, ஆதார் கார்டு சில இடங்களில் காண்ட்ராக்டர் பெட்டியில் இருக்கிறது, வேலையை விட்டால் போக இடமில்லை. இதற்குப் பேர் என்ன? நம் பாட்டனுக்குத் தகரச் சீட்டு. இவனுக்குச் செல்போனில் காண்ட்ராக்டர் நம்பர். கங்காணிக்குத் தலைக்காசு, காண்ட்ராக்டருக்குக் கமிஷன். கட்டுண்டவனுடைய கூலிதான் கட்டில்லாதவனுடைய கூலியைக் கீழே இழுக்கிறது. ஆகவே உம் கூலி உயர வேண்டுமானால் அவன் கட்டு அவிழ வேண்டும். அவனை விரட்டினால் காண்ட்ராக்டர் அவனைவிட ஏழையாக இன்னொருவனைக் கொண்டு வருவானே தவிர உமக்கு ஒரு காசு கூட்டிக் கொடுக்கப் போவதில்லை.

உள்ளூரார் மட்டும் இருந்த காலத்தில் முதலாளிகள் தர்மப் பிரபுக்களாக இருந்தார்களா? தமிழ்நாட்டுப் பஞ்சாலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’ என்று ஒன்று நடந்ததே, அது வடக்கனாலா வந்தது? ஏழை வீட்டுப் பெண்களை மூன்று வருஷத்துக்கு ஒப்பந்தம் பேசி, மில் விடுதியில் வைத்து, காவல் இல்லாமல் வாசற்படி தாண்ட விடாமல், “முடிவில் கலியாணத்துக்கு மொத்தமாகப் பணம் தருகிறோம்” என்று சொல்லி வேலை வாங்கினார்கள். நடுவில் உடம்புக்கு முடியாமல் போனவளுக்கு அந்த மொத்தப் பணம் கிடையாது. தாலிக்காகத் தன் மூன்று வருஷத்தை அடகு வைக்க வேண்டும். அந்த அடகுக் கடைக்குச் சுமங்கலி என்று மங்களகரமான பேர்! பெண்ணுக்குக் கலியாணம் என்றால் பணம் கொட்டித்தான் தீர வேண்டும் என்கிற மூடப்பழக்கம் நம் வீட்டில் இருக்கிற வரையில், அதை வைத்துச் சங்கிலி செய்கிறவன் ஊரில் இருக்கத்தான் செய்வான்.

இரண்டாவது, அவர்களால் திருட்டும் குற்றமும் பெருகிவிட்டது என்பது. குற்றம் செய்தவன் யாராயிருந்தாலும் கோர்ட்டில் நிறுத்தித் தண்டியுங்கள், அதில் ஆட்சேபணையில்லை. ஆனால் ஒருவன் செய்ததற்கு அவன் கூட்டம் முழுவதையும் திருடன் என்றால், அது 1911-ம் வருஷத்துக் குற்றப் பரம்பரைச் சட்டம் அல்லாமல் வேறென்ன? நம்மைப் பிடித்த பேயை நாமே உடுக்கடித்து இன்னொருவன் மேல் ஏவுவதா? 2023-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் இதன் மறுபக்கத்தையும் பார்த்தோம். தமிழ்நாட்டில் பீகார்க்காரர்களை வெட்டிக் கொல்லுகிறார்கள் என்று எங்கோ நடந்த சண்டைப் படங்களையெல்லாம் ஒட்டிப் பொய் வீடியோக்கள் பரப்பப்பட்டன. பயந்து போய் ஜனங்கள் ரயிலேறினார்கள். பீகாரிலிருந்து அதிகாரிகள் வந்து விசாரித்துப் பொய்யென்று கண்டு திரும்பினார்கள். பொய் எவ்வளவு சீக்கிரம் ஓடுகிறது பார்த்தீர்களா? அவர்களைப் பற்றி நாம் நம்புகிற கதைகளில் எத்தனை இந்த ரகம் என்று யோசித்துப் பாருங்கள்.

மூன்றாவது, இவர்களால் ஹிந்தி வந்துவிடும் என்பது. இதைச் சொல்லுகிறவர்களுக்கு ஒன்று சொல்லுகின்றோம். ஹிந்தியைக் கட்டாயமாக்குகிறவன் வேறு, ஹிந்தியோடு பிறந்துவிட்ட கூலிக்காரன் வேறு. முன்னவன் கையில் சட்டமும் கஜானாவும் இருக்கிறது. பின்னவன் கையில் மண்வெட்டி இருக்கிறது. முன்னவனை எதிர்க்கத் தைரியம் வேண்டும். பின்னவனை அதட்ட ஒன்றும் வேண்டியதில்லை. டில்லியை எதிர்க்க முடியாத வீரத்தைச் செங்கல் சூளையில் காட்டுவது, துரையை விட்டுவிட்டு லயத்தை அடித்த கண்டிக்காரன் புத்தியே ஆகும். அன்றியும், வடக்கேயிருந்து வருகிற இந்த ஏழைகளில் பெரும்பாலோர் யார்? அங்கே பார்ப்பனராலும் பூமிகார், ராஜபுத்திரர் முதலிய நிலப்பிரபுக்களாலும் மிதிக்கப்பட்ட தாழ்த்தப்பட்ட, பிற்படுத்தப்பட்ட ஜாதியார்கள். நம் பாட்டன் எதிலிருந்து ஓடினானோ அதிலிருந்துதான் அவனும் ஓடி வந்திருக்கிறான். அவன் நம் ஊரில் வந்து நிமிர்ந்து நடந்து, இங்கே ஜாதிப் பேரைச் சொல்லாமலே டீ குடிக்கலாம் என்று கண்டு கொண்டு ஊர் திரும்பினானானால், நாம் அனுப்புகிற ஆயிரம் பிரசாரகர்களை விட அவன் மேலானவன்.

2020-ம் வருஷம் மார்ச்சு 24-ந் தேதி இரவு, நான்கு மணி நேர அவகாசத்தில் தேசத்தையே பூட்டினார்களே, அப்போது இந்தியாவின் ரஸ்தாக்களில் மூட்டையும் பிள்ளையுமாக நூற்றுக்கணக்கான மைல் நடந்தவர்கள் யார்? இவர்கள்தான். மன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தவர்களுடைய வர்க்கம் அது. அரசியல் சட்டத்தின் 19-வது பிரிவு, இந்தியாவில் எங்கும் போகவும் எங்கும் குடியிருக்கவும் எல்லோருக்கும் உரிமை இருக்கிறது என்கின்றது. 23-வது பிரிவு கட்டாய வேலை கூடாது என்கின்றது. 1976-ல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டமும் 1979-ல் வெளிமாநிலத் தொழிலாளர் சட்டமும் வந்தன. சட்டப் புத்தகத்துக்குக் குறைவில்லை. 1843-லும் அதற்குக் குறைவிருக்கவில்லை என்பதுதான் சரித்திரம் நமக்குச் சொல்லும் பாடம். அதை நடத்தி வைக்கிற ஜனங்கள் ஊரில் இல்லாவிட்டால் சட்டம் சாமி படத்தைப் போல் சுவரில் தொங்கும்.

ஆகவே ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் தோழர்கள் செய்ய வேண்டியது இன்னதென்று நமக்குத் தோன்றியதைச் சொல்லுகின்றோம். மில்லிலும் கட்டட வேலையிலும் இருக்கிற வெளியூர்த் தொழிலாளியைச் சங்கத்தில் சேருங்கள். அவன் பாஷையில் ஒரு நோட்டீஸ் அச்சடிக்கச் செலவு அதிகமாகாது. ஒரே வேலைக்கு உள்ளூரானுக்கும் வெளியூரானுக்கும் ஒரே கூலி என்று கேளுங்கள். இரண்டு கூலி என்பது இருவருக்கும் தோண்டுகிற குழி. எவனுடைய ஆதார் கார்டாவது எஜமானன் பெட்டியில் பூட்டியிருக்கிறது, எந்த விடுதியிலாவது ஆணையோ பெண்ணையோ வெளியே விடாமல் வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தால், கலெக்டர் ஆபீசுக்குப் போய் மனுக் கொடுங்கள், “வடக்கன் விஷயம் நமக்கென்ன?” என்று இருந்துவிடாதீர்கள். அவன் குழந்தைகளை நம் பள்ளிக்கூடத்தில் சேர்த்துத் தமிழ் படிக்க வையுங்கள். பத்து வருஷத்தில் அதுவும் நம் ஊர்ப் பிள்ளையாகிவிடும். வீடு வாடகைக்குக் கேட்டு வந்தால், ஜாதி கேட்பதை விட்டது போல் மாகாணம் கேட்பதையும் விட்டு விடுங்கள். ஜாதி கேட்பதையே இன்னும் விடாதவர்கள் இரண்டையும் சேர்த்து விடலாம்.

பிறந்த இடத்தை வைத்து ஒரு மனிதனைக் கீழானவன் என்று சொல்லுவதும், பிறந்த ஜாதியை வைத்துச் சொல்லுவதும் ஒரே மரத்துக் கிளைகள். இரண்டிலும் அவன் செய்த குற்றம், பிறந்தது ஒன்றுதான். இதில் ஒரு கிளையை வெட்டிக்கொண்டே மற்றொரு கிளைக்குத் தண்ணீர் விடுகிறவன் சுயமரியாதைக்காரனாக இருக்க முடியாது. வடக்கத்தியான் யார் என்று இனி யாராவது டீக்கடையில் கேட்டால், “என் பாட்டனுக்குக் கண்டியில் அந்தப் பேர்தான்” என்று தைரியமாகப் பதில் சொல்லுங்கள். கேட்டவனுடைய பாட்டனுக்கும் பெரும்பாலும் அதே பேராகத்தான் இருந்திருக்கும்.